வணக்கத்திலேயே தீர்ந்துபோன கால் மணி நேரம்

இந்தக் கடிதத்தை உன்னை விளிக்காமலே தொடங்குகிறேன். விளித்து விளித்துத்தான் இந்த நிலைமைக்கு வந்து நிற்கிறோம். 'அன்புள்ள' என்று எழுதினால் பின்னாலேயே ஒரு 'மாண்புமிகு' வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. நீ பெங்களூர் போய் ஒரு வாரம் ஆகிறது. போனை எடுக்கிறாய், 'சாப்பிட்டேன், தூங்கினேன், இங்கே வெயில் இல்லை' என்கிறாய், வைத்துவிடுகிறாய். குரலில் பதிந்து அனுப்பினால் கேட்பதே இல்லை. அதனால் இதை எழுதி, உன் நாடகக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடப்போகிறேன். எல்லோரும் படிக்கட்டும். அங்கே போட்டால் நீ படிக்காமல் தப்பிக்க முடியாது. நீ படிக்காவிட்டாலும் நம் மீன்கார ஸ்டெல்லா யாரையாவது உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'அம்மா இன்னா எழுதிக்கீது பாத்தியா நைனா' என்று உனக்கே போன் போடுவாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன் என்பதுதானே என் மேல் உனக்குள்ள கோபம். கலைகளுக்கு ஒதுக்கும் பணத்தை எப்படிச் செலவு செய்யலாம் என்று யோசனை சொல்ல அரசாங்கம் ஒரு கமிட்டி அமைக்கிறது. அதில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். உன் பெயரைப் போடவில்லை. சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். நீயோ பெங்களூரில் உன்னைக் கூப்பிடும் அந்த விளம்பரக் கம்பெனியில் அடுத்த மாதம் சேர்வதாக ஒப்புக்கொண்டுவிட்டால் நாடகக் குழுவை மூடிவிடுவாய். சேரலாமா வேண்டாமா என்று நீ அங்கே உட்கார்ந்து யோசிக்கிறாய், சேரலாமா வேண்டாமா என்று நான் மந்தைவெளியில் உட்கார்ந்து யோசிக்கிறேன். உன் நாற்காலியில்தான் என்னை உட்காரச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. என் வயதுக்குத் தெளிவு வந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குக் குழப்பம்தான் வருகிறது, அதுவும் தினம் ஒரு தினுசாக.

என் தொழில் உனக்குத் தெரியும், உன் குரூப்பில் இருக்கும் சின்னவர்களுக்குத் தெரியாது. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலம் மைக். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்த மேடையில் என்ன விழா நடந்தாலும் ஓரமாக ஒரு பட்டுப்புடவை நின்று 'அடுத்ததாக' என்று சொல்லுமே, அது நான்தான். பாட்டு, நடனம், பள்ளி ஆண்டு விழா, புத்தக வெளியீடு எதையும் விட்டதில்லை. இந்தத் தொழிலில் குரல் இரண்டாம் பட்சம். முதல் விஷயம், யாரையும் விட்டுவிடக் கூடாது. யார் பெயர் முதலில், யார் பெயர் அப்புறம், யாருக்கு 'திரு', யாருக்கு 'முனைவர்', யாருக்கு 'கலைமாமணி', கடைசியில் மறக்காமல் 'அவர்களே'. தி.நகரில் ஒரு சபாவில், பெரிய பூச்சாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இணைச் செயலாளரை நான் விளிக்காமல் விட்டுவிட்டேன். மனுஷர் விழா முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் இரண்டு மார்கழி அந்த சபாவிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அன்றிலிருந்து எந்த மேடை ஏறினாலும் பூச்சாடிக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இப்படிப் பழகிய ஒருத்தியைத்தான் நீ உன் கோரிக்கையோடு அமைச்சர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய்.

நீ கேட்டது நியாயமான விஷயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் அந்த லேத் பட்டறைக்காரர் சாயங்காலம் மிஷின்களை நிறுத்திய பிறகு உங்களுக்கு இடம் கொடுத்தார். இரும்புத் தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டு அங்கேதான் ஒத்திகை பார்த்தீர்கள். ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று முடித்துவிட்டு, பஸ் மாறி வந்து, கூடையை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டு உன் நாடகத்தில் நீதிபதியாக நிற்பாள். இப்போது அவர் பட்டறையை விற்கிறார். ஊரெல்லாம் மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களும் சமூகக் கூடங்களும் சாயங்காலத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஒத்திகைக்குத் திறந்துவிடுங்கள், வாட்ச்மேன் சம்பளத்தையும் கரண்டு பில்லையும் கலை நிதியிலிருந்து கொடுங்கள், விழாவுக்குக் கொட்டுவதில் கொஞ்சத்தை ஒத்திகைக்குத் திருப்புங்கள். இவ்வளவுதான் நீ கேட்டது. இதற்காகக் கூத்துக்காரர்கள், பொம்மலாட்டக்காரர்கள், நடனக்காரர்கள் எல்லோரையும் நீ ஓடி ஓடிச் சேர்த்தாய். டைனிங் டேபிளில் எனக்குத் தட்டு வைக்க இடமில்லாத அளவுக்கு உன் காகிதங்கள். 'அம்மா, நீ ஆரம்பிச்சு வை. ஒரே ஒரு நிமிஷம். உன் குரல் அவங்களுக்குத் தெரிஞ்ச குரல். அப்புறம் நான் பேசிக்கறேன்' என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அன்று காலையிலேயே புடவைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன்.

அந்த அறையில் நடந்ததை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நமக்குக் கொடுத்தது கால் மணி நேரம். எதிரே நீள மேஜை. நடுவில் அமைச்சர், இரு பக்கமும் அதிகாரிகள். நீ மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்து நின்றேன். மைக்கைக் கையில் வாங்கியதும் எனக்குள் யாரோ சுவிட்சைப் போட்டமாதிரி ஆகிவிட்டது. மாண்புமிகு அமைச்சர் அவர்களே என்று ஆரம்பித்தேன். செயலாளரை விளித்தேன். இயக்குநரை விளித்தேன். அவரிடம் போன மாதம்தான் ஒரு விழாவில் பேசியிருந்ததால் அதையும் ஒரு வரி சேர்த்தேன். துணை இயக்குநர்கள் மூன்று பேர், ஒருவரை மட்டும் சொல்ல முடியுமா? சொல்லி முடிக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் வந்தார். அவர் உட்காரும்வரை பொறுத்து அவரையும் வரவேற்றேன். பிறகு நம் பக்கம் திரும்பி, கூத்துக் கலைஞர்களே, பொம்மலாட்டக் கலைஞர்களே என்றேன். 'கலைஞர்களே' என்று கேட்டதும் அவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று எழுந்துவிட்டார்கள். ஒவ்வொரு குழுவும் கையோடு ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தது. ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவே இல்லை. வரிசையாக அமைச்சருக்குப் போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், போட்டோவில் கண் மூடிவிட்டதென்று ஒரு பொன்னாடையைத் திரும்பப் போர்த்தினார்கள். நான் மைக்கில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மூச்சு விட்டபோது அமைச்சர் எழுந்து நின்றுவிட்டார். 'ரொம்ப சந்தோஷம். மனுவை குடுத்துட்டுப் போங்க, பாக்குறோம்' என்றார். போகிற போக்கில் செயலாளரிடம், 'அம்மா அருமையா பேசுனாங்கய்யா. அந்த கமிட்டியில அம்மாவ போடுங்க' என்றார். சுவரில் உன் முதல் பக்கம் மட்டும் விழுந்து கிடந்தது. அதன் மேல் ஒருவர் நிழல் போய்வந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தாய். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாய். 'யாரைம்மா நீ விட்டே? மேஜை மேல இருந்த தண்ணி பாட்டிலுக்குத்தான் வணக்கம் சொல்லல.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. ஆனால் நீ சொன்னது நிஜமாகவே வேடிக்கையாக இருந்ததடா. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை என்று புரிந்தது. அதற்கப்புறம் வீடு வரும்வரை டிரைவர் மட்டும்தான் பேசினார், அவரும் மெட்ரோ வேலைக்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை நீ பெங்களூர் பஸ்ஸுக்குப் பையைக் கட்டினாய்.

நீ போன பிறகு துறையிலிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டார். மிகவும் மரியாதையான மனிதர், பேச்சுக்குப் பேச்சு மேடம். கமிட்டியில் என் பெயர் வந்திருப்பதைச் சொன்னார். நான் உன் பெயரைச் சொல்லி, இந்த முயற்சியெல்லாம் அவனுடையது, அவனைப் போடுங்கள் என்றேன். 'சார் பேரு மனு குடுத்தவங்க பட்டியல்ல இருக்கு மேடம். கமிட்டிக்கு மூத்த கலைஞர்களாப் பாத்துதான் போடுறோம்' என்றார். நான் கலைஞரா? கலைஞர்களின் பெயரைப் படிப்பவள். அதைச் சொன்னால் தன்னடக்கம் என்று அதற்கும் பாராட்டினார். கூடவே இன்னொன்றும் கேட்டார். கமிட்டியின் தொடக்க விழா வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அதை நானே தொகுத்து வழங்க வேண்டுமாம். கலை நிதியை எப்படிச் செலவு செய்வது என்று யோசிக்கப் போகும் கமிட்டி முதல் வேலையாக ஒரு விழா வைக்கிறது! நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். நான் போனை வைத்துவிட்டு, என்ன புடவை கட்டலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

உன் அப்பா கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். ரவிக்கைத் துணி விற்றே பாதி வாழ்க்கையைக் கழித்தவர், எதையும் கிழித்துப் பார்த்துத்தான் பேசுவார். 'வந்த பதவிய வேண்டாம்னா சொல்லப் போற? நீ போவலைன்னா நாளைக்கே வேற ஒருத்திய போடுவான். அவ உன் மவனுக்கா பேசப் போறா?' என்றார். கேட்டபோது சரியாக இருந்தது. பிறகு, 'அவன் கோவப்படுதான்னா விடு, கோவம் பசி மாதிரி, சாப்பிட்டா போயிரும்' என்றார். அது சரியாகப் படவில்லை. உன் கோபம் அப்படிப்பட்டதில்லை.

ஸ்டெல்லா மீன் கொண்டுவந்தபோது அவளையும் கேட்டேன். அவள் அந்த அறையில் கடைசி வரிசையில் இருந்தாளே. 'சூப்பரா பேசினம்மா. அந்த ஆபீசருங்க மூஞ்சி எப்டி மலந்து போச்சு தெரியுமா? உன் புள்ளைக்கு இன்னா தெரியும், சின்னப் பையன்' என்றாள். உனக்கு முப்பத்திரண்டு வயது என்றேன். 'அதான் சொல்றேன்' என்றாள். அப்புறம் சுறாவை நறுக்கிக்கொண்டே, 'பட்டறைய குடுத்துட்டா நாங்க எங்கம்மா போறது? பீச்சுல ஆடினா காத்து அட்ச்சினு போவுது, நான் தீர்ப்பு சொன்னா எனக்கே கேக்கல. நீ போயி குந்து, இல்ல அவனப் போயி குந்த சொல்லு. யாரோ ஒருத்தர் குந்துங்க' என்றாள். நான் பேசியது நன்றாக இருந்தது என்று சொன்ன அதே வாயால், எங்கே போவது என்று கேட்கிறாள். இரண்டும் அவளுக்கு ஒன்றோடொன்று மோதவே இல்லை. எனக்குத்தான் மோதுகிறது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது, இதைச் சொன்னால் நீ என்னோடு சண்டைக்கு வருவாய். விழாவெல்லாம் வீண் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மயிலாப்பூரில் ஒரு நாடக விழாவில் லைட் போடுகிறவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றவே இல்லை. போர்த்திக்கொண்டே போய் மிச்ச நாடகத்துக்கும் லைட் போட்டார். வியர்த்துக் கொட்டியது, அப்போதும் கழற்றவில்லை. ஒத்திகைக்குக் கூடம் கொடுத்தால் அந்த சந்தோஷம் வருமா? வராது என்று நான் சொன்னால், கூடமே இல்லாமல் எந்த நாடகத்துக்கு லைட் போடுவது என்று நீ கேட்பாய். நீ கேட்பது சரி. நான் பார்த்ததும் நிஜம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட எனக்குத் தெரியவில்லை. நான் மேடையிலேயே வளர்ந்தவள், என்னைப் பிழைக்க வைத்த விழாவைக் குறைக்கச் சொல்லி நானே போய்க் கேட்கவேண்டும். ஒருவேளை அன்றைக்கு என் நாக்கு அதனால்தான் வணக்கத்தை விட்டு நகர மறுத்ததோ? பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். கோபத்தில் வேலையை ஒத்துக்கொள்ளாதே. விளம்பரக் கம்பெனி வேலை பிடித்திருந்தால் சேர், நான் மனசாரச் சந்தோஷப்படுவேன், நல்ல சட்டை நாலு எடுத்துத் தருவேன். என் மேலுள்ள கோபத்தில் சேர்ந்தால் கோபம் போன பிறகு வேலை மட்டும் மிச்சமிருக்கும். உன் அப்பா அப்படித்தான் தன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்கடை போட்டார். சண்டை தீபாவளிக்குள் தீர்ந்துவிட்டது, கடை இன்னும் இருக்கிறது.

நீ நாலாவது படிக்கும்போது கோபாலபுரத்தில் உன் பள்ளி ஆண்டு விழாவை நான்தான் தொகுத்தேன். பரிசு வாங்கின ஒவ்வொரு பிள்ளையையும் 'செல்வன்', 'செல்வி' என்று, கூடவே ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கூப்பிட்டேன். உன் முறை வந்தபோது வெறும் பெயரை மட்டும் படித்தேன். சொந்தப் பிள்ளையை மைக்கில் புகழ்வது எங்கள் தொழிலில் அநாகரிகம். வீட்டுக்கு வரும் வழியில், 'எனக்கு மட்டும் ஏம்மா செல்வன் இல்ல?' என்று கேட்டாய். காரணத்தைச் சொன்னேன், பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினாய். அன்றைக்கு நான் செய்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் போன வாரம் அந்த அறையில் பூச்சாடிக்குப் பின்னால் எல்லாம் தேடித் தேடி விளித்த நான், உன்னை விளிக்கவில்லை. 'மற்றும் அனைவருக்கும்' என்றேனே, அதில் நீ இருந்தாய்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு, வெளியில் யாருக்கும் தெரியாது. ஒரு பெயரை மைக்கில் சொல்லிவிட்டால் அப்புறம் யாராலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. அடையாறில் ஒரு நடன நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் பெயரைப் படிப்பதற்குப் பதில், கீழே நன்றி வரிசையில் இருந்த ஒப்பனைக்காரர் பெயரைப் படித்து, உரையாற்ற அன்போடு அழைக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் கையில் பவுடரோடு வந்துவிட்டார். செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார், கூட்டம் கை தட்டியது, வேறு என்ன செய்ய முடியும்? தான் யார் யாருக்கெல்லாம் மேக்கப் போட்டேன் என்று ஒரு பாட்டம் அளந்துவிட்டு, கடைசியில், 'மேக்கப் ரூம்ல கண்ணாடி மட்டும் இல்லீங்க' என்று முடித்தார். அடுத்த நிகழ்ச்சிக்குள் கண்ணாடி வந்துவிட்டது. மனு கொடுத்திருந்தால் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அதனால் இதுதான் என் யோசனை. யோசனையா, கிறுக்குத்தனமா, நீயே முடிவு செய்துகொள். திங்கட்கிழமை சம்மதம் என்று சொல்லிவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை மேடையில் இந்த முறை வரவேற்பைச் சுருக்குவேன். அமைச்சரை விளிப்பேன், மற்றவர்கள் எல்லோரும் 'மற்றும் அனைவருக்கும்' என்பதில் இருக்கட்டும். இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை அழிக்கப் பார்த்தேன். அதற்கப்புறம் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பெயரைப் படிப்பேன். உன் குரூப்பிலிருந்து யாராவது இந்தக் கடிதத்தைத் துறைக்காரர்களுக்குத் தள்ளிவிட்டால், என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். எடுத்தால் எடுக்கட்டும், குழப்பமாவது தீரும். நீ படம், சுவர் எதுவும் கொண்டுவராதே. கூடத்தைத் திறந்துவிடுங்கள் என்று வாயால் சொல். ஸ்டெல்லாவை முன்வரிசையில் உட்காரவைக்கிறேன், இவர்கள் எங்கே போவது என்று அவளைப் பார்த்துக்கொண்டே கேள்.

வருவாயா என்று கேட்க மாட்டேன். அன்று நீ அங்கே எந்த ஆபீசில் உட்கார்ந்திருப்பாய் என்றும் கேட்க மாட்டேன். செல்வன் என்று கூப்பிடும் வயது தாண்டிவிட்டது, ஆகவே திரு போட்டு, பெயரைச் சொல்லி, பின்னால் 'அவர்களை' சேர்த்து, இந்தக் கோரிக்கையைக் கட்டி எழுப்பியவர் என்று ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிக் கூப்பிடுவேன். அநாகரிகம்தான், பரவாயில்லை. பெயரைச் சொன்ன பிறகு ஆள் எழுந்து வரும்வரை பேசாமல் நிற்பதுதான் எங்கள் வழக்கம். வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். அன்றைக்கு நான் போக மாட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா